மரத்திலிருந்து சர்க்கரை, கரியிலிருந்து பெட்ரோல்: ஃபிரீட்ரிக் பெர்கியஸ் ஜெயித்தது எங்கே, தோற்றது எங்கே?

ஹரியானா மாநிலம் பானிபட்டில் 2022 ஆகஸ்ட் 10-ம் தேதி ஓர் ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை அது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலை எடுத்து, சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிப்பதுதான் திட்டம். வயலிலேயே கொளுத்தப்பட்டு டெல்லி வரைக்கும் புகை கிளப்பும் வைக்கோல், வண்டியில் ஊற்றும் எரிபொருளாக மாறுகிறது.

கேட்கும்போது புத்தம் புதுசாக வந்த தொழில்நுட்பம் மாதிரி இருக்கும். ஆனால் மரம், தழை, வைக்கோல் போன்றவற்றை உடைத்துச் சர்க்கரையாக்கி, அதிலிருந்து சாராயம் எடுக்கலாம் என்பதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரிய ஆலை அளவுக்குக் கொண்டுபோக ஒருவர் பாடுபட்டார். அதற்காக வாழ்க்கையின் பெரும்பகுதியையும் கையிலிருந்த பணத்தையும் செலவழித்தார். இடையில் இன்னொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசும் வாங்கினார். கடைசியில் சொந்த நாட்டை விட்டு வெகு தூரத்தில் இறந்துபோனார். அவர்தான் ஃபிரீட்ரிக் பெர்கியஸ்.

யார் இவர்? என்ன செய்தார்? இன்றைக்கு ஏன் இவரை நினைக்க வேண்டும்?

ஆலைக்குள் வளர்ந்த பையன்

1884 அக்டோபர் 11-ம் தேதி, பிரெஸ்லாவ் நகருக்கு அருகில் உள்ள கோல்ட்ஷ்மீடன் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஜெர்மனி. இன்றைக்கு பிரெஸ்லாவ், போலந்து நாட்டின் விராட்ஸ்வாஃப் நகரம்.

அப்பா அந்த ஊரில் ரசாயன ஆலை நடத்தியவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பையனுக்கு ஆலைதான் விளையாட்டு மைதானம். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தப் பாத்திரத்தில் என்ன கொதிக்கிறது என்பதெல்லாம் புத்தகத்துக்கு முன்னாலேயே கண்ணில் பட்டுவிட்டது. கல்லூரிக்கு அனுப்பும் முன்பு, ரூர் பகுதியில் முல்ஹைம் நகரில் இருந்த இரும்பாலை ஒன்றுக்கு ஆறு மாதம் அனுப்பிவைத்தார் அப்பா. பெரிய ஆலை எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வரட்டும் என்பதுதான் எண்ணம்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் பெர்கியஸின் குணத்தைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. ஒரு வினை சோதனைக் குழாயில் நடந்தால் மட்டும் அவருக்குப் போதாது, டன் கணக்கில் நடக்க வேண்டும். அந்த ஆசைதான் அவரை உயர்த்தியது, அதுதான் அவரைச் சாய்க்கவும் செய்தது.

1903-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கச் சேர்ந்தார். 1907-ல் லைப்சிக்கில் முனைவர் பட்டம். அடுத்து பெர்லினில் வால்டர் நெர்ன்ஸ்ட், கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹாபர் என்று அந்தக் காலத்தின் இரண்டு பெரிய தலைகளிடம் வேலை பார்த்தார். காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அதிக அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியா தயாரிக்கும் ஆராய்ச்சி அப்போது சூடுபிடித்திருந்தது. அங்கேதான் பெர்கியஸுக்கு ஒன்று உறைத்தது. அதிக அழுத்தம் என்பது வெறும் கருத்து இல்லை. அதைத் தாங்கும் பாத்திரம் வேண்டும், கசியாத வால்வு வேண்டும். அவை இல்லாமல் எவ்வளவு பெரிய மேதையும் ஓரடி நகர முடியாது.

1909-ல் ஹனோவர் வந்தார். அடுத்த ஆண்டே அங்கே சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். நூற்றுக்கணக்கான மடங்கு காற்றழுத்தத்தைத் தாங்கும் கருவிகளைச் செய்ய ஆரம்பித்தார்.

கரி எப்படி உண்டாகிறது? சமைத்தே பார்த்துவிட்டார்!

பெர்கியஸ் முதலில் தேடியது பெட்ரோல் இல்லை, ஹைட்ரஜன். நிலக்கரியையும் தண்ணீரையும் கடும் அழுத்தத்தில் சூடாக்கினால் மலிவாக ஹைட்ரஜன் கிடைக்குமா என்று பார்த்தார். அப்படித் தேடிப் போனபோது வேறொரு கதவு திறந்தது.

பீட் என்று ஒன்று உண்டு. சதுப்பு நிலங்களில் செடிகொடிகள் பாதி மக்கிக் கிடக்கும் பொருள் அது. பீட், மரத்தின் முக்கியப் பொருளான செல்லுலோஸ் ஆகியவற்றைத் தண்ணீரோடு சேர்த்து, மூடிய இரும்புப் பாத்திரத்தில் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினார். சில மணி நேரம் கழித்துத் திறந்தால் உள்ளே கறுப்பாக, ஏறக்குறைய நிலக்கரி போலவே ஒரு பொருள். பூமிக்கு அடியில் லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்த வேலையை ஒரு பகல் பொழுதில் சமைத்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஹூகோ ஷ்பெக்ட் இந்த ஆய்வில் கூட நின்றார். 1913-ல் இதை ஒரு சிறு நூலாகவே வெளியிட்டார் பெர்கியஸ்.

இதில் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ ஈரமான பீட் எடுத்துக்கொள்வோம். அதில் 800 கிராம் தண்ணீர், 200 கிராம்தான் சரக்கு. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆக 800 கிராமுக்குச் சுமார் 1,800 கிலோஜூல். 200 கிராம் காய்ந்த பொருளை எரித்தால் கிடைப்பது சுமார் 3,700 கிலோஜூல். அதாவது, உள்ளே இருக்கும் ஆற்றலில் பாதி, காய வைக்கவே போய்விடுகிறது.

ஆனால் பெர்கியஸின் பாத்திரத்தில் தண்ணீர் ஆவியாவதே இல்லை. குக்கர் மூடியை இறுக்கிப் போட்டது மாதிரி, அழுத்தத்தில் தண்ணீர் திரவமாகவே இருக்கிறது. வேலை முடிந்து வெளியே வரும் சுடுநீரை, உள்ளே போகப்போகும் குளிர்ந்த சரக்கின் குழாயை ஒட்டி ஓடவிட்டால், அந்தச் சூட்டில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, கரியாகும் வினையே கொஞ்சம் வெப்பத்தை வெளியிடுகிறது.

ஈரமான கழிவுகளைக் காய வைக்காமலே எண்ணெயாகவோ கரியாகவோ மாற்றும் இன்றைய முறைகள் எல்லாம் நிற்பது இந்த அடித்தளத்தின் மேல்தான். பாசி, சாக்கடைக் கசடு, சாண எரு என்று தண்ணீர் அதிகமுள்ள எதையும் இதில் போடலாம். ஹைட்ரோதெர்மல் என்ற சொல்லோடு வரும் அத்தனை ஆலைகளுக்கும் பெர்கியஸ் ஒருவகையில் பாட்டன்.

கரியும் பெட்ரோலும்: வித்தியாசம் ஹைட்ரஜன்தான்

அடுத்த கேள்வி. கையில் செயற்கைக் கரி இருக்கிறது. இதை எண்ணெயாக மாற்ற முடியுமா?

நிலக்கரிக்கும் பெட்ரோலுக்கும் அடிப்படை வேறுபாடு ரொம்ப எளிது. பெட்ரோலில் ஒரு கார்பன் அணுவுக்குச் சுமார் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கும். நிலக்கரியில் ஒன்றுகூட முழுசாக இருக்காது. அப்படியானால் கரிக்குள் ஹைட்ரஜனைத் திணித்தால் அது இளகித் திரவமாகத்தானே வேண்டும்?

400 டிகிரிக்கு மேல் வெப்பம், சுமார் 200 மடங்கு காற்றழுத்தம். இந்த நிலையில் ஹைட்ரஜனை உள்ளே செலுத்தியபோது கரியின் பெரும்பகுதி எண்ணெயாக மாறியது. 1913-ல் ஜான் பில்வில்லர் என்ற உதவியாளரோடு சேர்ந்து இதற்குக் காப்புரிமை கோரினார் பெர்கியஸ்.

இதில் ஒரு சிக்கல். ஹைட்ரஜன் சேரும்போது வெப்பம் வெளியாகும். அந்தச் சூடு ஓரிடத்தில் தேங்கினால் கரி எண்ணெயாகாமல் கட்டிதட்டிப் போகும். அதற்குத் தீர்வாக, கரியைப் பொடித்து, கனமான எண்ணெயில் குழைத்துக் கூழாக்கினார். கூழைக் கலக்கிக்கொண்டே இருந்தால் சூடு பரவிவிடும். அந்தக் குழைக்கும் எண்ணெயும் அதே ஆலையில் கிடைப்பதுதான். இப்படி எதையும் வீணாக்காமல் திரும்ப உள்ளே விடுகிற புத்தி அவருடைய எல்லா வேலைகளிலும் தெரியும்.

முதல் உலகப்போர் தந்த வாய்ப்பு

1914-ல் எஸ்ஸன் நகரின் கோல்ட்ஷ்மிட் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. அதே ஆண்டு போர் மூண்டது. பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியை முற்றுகையிட்டதால் பெட்ரோலியம் வரத்து சுருங்கியது. உணவும் மாட்டுத் தீவனமும்கூட வரவில்லை. மான்ஹைம் நகரத்தை ஒட்டிய ரைனாவில், கரியை எண்ணெயாக்கும் ஆலையைக் கட்ட ஆரம்பித்தார் பெர்கியஸ். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாத்திரத்தில் நடந்ததை, இரவு பகலாக ஓடும் ஆலையில் நடத்துவது லேசில் முடியவில்லை. போரும் முடிந்துவிட்டது. வெளிநாட்டு எண்ணெய் திரும்பவும் மலிவாக வர ஆரம்பித்தது.

செலவு மட்டும் நிற்கவில்லை. 1925-ல் காப்புரிமையை பிஏஎஸ்எஃப் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார். அந்த நிறுவனம் உடனே ஐ.ஜி. ஃபார்பன் என்ற ராட்சத நிறுவனத்தின் பகுதியானது. அங்கே மத்தியாஸ் பியர் தலைமையிலான குழு, கந்தகத்தால் கெட்டுப்போகாத வினையூக்கிகளைக் கண்டுபிடித்து, வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தது. 1927-ல் லொய்னா ஆலை பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் தயாரிக்க ஆரம்பித்தது.

ஆக, விதை பெர்கியஸுடையது. மரமாக வளர்த்தது வேறு கைகள். 1931-ல் வேதியியல் நோபல் பரிசு கார்ல் போஷ், பெர்கியஸ் இருவருக்கும் பகிர்ந்து கிடைத்தது. உயர் அழுத்த வேதியியல் முறைகளை உருவாக்கி வளர்த்ததற்கான பரிசு அது. ஆலைத் தொழில்நுட்பத்துக்கு இவ்வளவு பெரிய மரியாதை கிடைத்தது அன்றைக்குப் புது விஷயம்.

மரத்திலிருந்து சர்க்கரை: இரண்டாவது பைத்தியம்

பரிசு வாங்கிய நேரத்தில் பெர்கியஸின் மனம் கரியில் இல்லை, மரத்தில் இருந்தது. போர்க்காலத்திலேயே அவர் கேட்க ஆரம்பித்திருந்த கேள்வி இது: மரத்தூள், கிளை, சில்லு என்று குவியும் கழிவில் பாதிக்கு மேல் இருப்பது சர்க்கரைதானே? அதை ஏன் எடுக்க முடியாது?

விளக்கமாகப் பார்ப்போம். காய்ந்த மரத்தில் மூன்று முக்கியச் சரக்குகள். செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் இரண்டும் சர்க்கரை மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலிகள். மூன்றாவது லிக்னின். இதுதான் அந்தச் சங்கிலிகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை. ஊசியிலை மரங்களில் சுமார் பத்தில் மூன்று பங்கு லிக்னின். அதை ஈஸ்ட் தொடாது.

சுமார் 40 சதவீத அடர்த்தியுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் சாதாரண வெப்பநிலையிலேயே செல்லுலோஸைக் கரைத்துவிடும் என்று ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் 1913-ல் காட்டியிருந்தார். பெர்கியஸ் அதைப் பிடித்துக்கொண்டார். வரிசையாகப் பாத்திரங்கள், அவற்றில் மரச்சில்லு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அமிலம் ஓடும். போகப் போகச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். கடைசியில் லிக்னின் மட்டும் எஞ்சும். 100 கிலோ காய்ந்த மரத்துக்கு 60 கிலோவுக்கு மேல் சர்க்கரை கிடைத்தது. அதில் ஈஸ்ட் வளர்த்தால் மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனம், புளிக்கவைத்தால் எரிசாராயம்.

சாராயமாக மாற்றுவதில் ஓர் அழகு இருக்கிறது. 100 கிலோ குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 51 கிலோ எத்தனால்தான் வரும். மீதி கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். எடையில் பாதி நஷ்டம்தான். ஆனால் ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த 51 கிலோவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஈஸ்ட் ஓசையில்லாமல் செய்துவிடும் வேலை இது.

அப்படியானால் எங்கே இடித்தது?

அமிலத்தில்தான். ஒவ்வொரு கிலோ சர்க்கரையோடும் ஏகப்பட்ட அமிலம் கலந்திருக்கும். அதை அப்படியே விட முடியாது. விட்டால் சர்க்கரையும் பாழ், காசும் பாழ். ஆவியாக்கிப் பிரித்து, குளிரவைத்து, மறுபடி பயன்படுத்த வேண்டும். அதிகம் சூடாக்கினால் சர்க்கரை கருகும். அதனால் காற்றை உறிஞ்சி, குறைந்த வெப்பத்திலேயே ஆவியாக்க வேண்டியிருந்தது. அமிலம் இரும்பைத் தின்றுவிடும் என்பதால், சாதாரண உலோகக் குழாய் வழியே சூடு ஏற்றவும் வழியில்லை. ஒரு கட்டத்தில், சூடான கனிம எண்ணெயை அமிலக் கரைசலோடு நேராகவே கலந்து சூட்டைக் கொடுத்துப் பார்த்தார்.

ஆக, ஆலையின் பிழைப்பு இரண்டே கேள்விகளில் தொங்கியது. எவ்வளவு அமிலம் திரும்பி வருகிறது? அதை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இரண்டாவது கேள்விக்கு விடை மரத்துக்குள்ளேயே இருந்தது. நம் ஊரில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கரும்பைப் பிழிந்த சக்கையைக் காயப்போட்டு, அதையே கொப்பரைக்கு அடியில் எரிப்பார்கள். வெளியிலிருந்து விறகு வாங்கினால் வெல்லத்தில் லாபம் நிற்காது. பெர்கியஸுக்குச் சக்கை, லிக்னின். எடைக்கு எடை பார்த்தால் செல்லுலோஸைவிட லிக்னின் அதிக வெப்பம் தரும். அமிலத்தைக் கழுவி, அழுத்திக் கட்டியாக்கினால் நல்ல எரிபொருள்.

கணக்கு தாளில் நேராயிற்று. ஆலையில் ஒவ்வொரு வால்வும், ஒவ்வொரு பூச்சும், ஒவ்வொரு கசிவும் பணம் கேட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இதில் உழைத்தார். காப்புரிமையால் வந்த பணமும் இதில் கரைந்தது. நோபல் பரிசு பெற்றவர் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தார்.

போர் எடுத்துக்கொண்ட அறிவு

1936-ல் நாஜி அரசு நான்காண்டுத் திட்டத்தை அறிவித்தது. எரிபொருளிலும் உணவிலும் யாரையும் நம்பாமல் நிற்பது என்பது வெளியில் சொன்ன நோக்கம், போருக்குத் தயாராவது உள்ளே இருந்த நோக்கம். சந்தையில் தடுமாறிய பெர்கியஸின் மர ஆலைகளுக்கும் இப்போது மதிப்பு வந்தது. ரைனாவைத் தவிர ரேகன்ஸ்பர்க் நகரிலும் அவர் முறைப்படி ஆலை அமைந்தது.

கரி விஷயம் இன்னும் பெரிதாக வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியில் கரியை ஹைட்ரஜனோடு சேர்க்கும் 12 ஆலைகள் இருந்தன. விமானப்படையின் பெட்ரோல் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வந்தது. இந்தத் தொழிலில் கட்டாயமாகப் பிடித்துவரப்பட்டவர்களும் வதைமுகாம் கைதிகளும் வேலை வாங்கப்பட்டார்கள். இதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1944 மே 12-ம் தேதி லொய்னா உள்ளிட்ட ஆலைகள் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு மழை பொழிய ஆரம்பித்தன. பிறகு எரிபொருள் இல்லாமல் ஜெர்மானிய விமானங்கள் தரையிலேயே நின்றன.

இந்த ஆலைகள் ஆற்றலை விழுங்கியதையும் பார்க்க வேண்டும். ஒரு டன் பெட்ரோலுக்கு மொத்தம் சுமார் 4 முதல் 5 டன் நிலக்கரி தேவைப்பட்டது. அதில் ஒரு பங்குதான் பெட்ரோலானது. மீதி ஹைட்ரஜன் தயாரிக்கவும், சூடாக்கவும், மின்சாரத்துக்கும் போனது. போர் நடக்கும்போது யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. அமைதி வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

கடைசி நாட்கள்

போருக்குப் பிறகு பெர்கியஸுக்கு ஜெர்மனியில் வேலை இல்லை. ஆஸ்திரியா, ஸ்பெயின் என்று அலைந்தார். கடைசியில் அர்ஜென்டினா அரசின் ஆலோசகராகக் கடல் கடந்து போனார். 1949 மார்ச் 30-ம் தேதி, 64-வது வயதில், பியூனஸ் அயர்ஸ் நகரில் காலமானார்.

அவர் இறந்த காலத்தில் மேற்காசியாவின் எண்ணெய் உலகச் சந்தையில் பெருக ஆரம்பித்தது. கிணற்றிலிருந்து பீறிட்டு வரும் எண்ணெயோடு அமிலத்தில் ஊறும் மரச்சில்லு எப்படிப் போட்டி போடும்? அவர் கதை அதோடு முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

இன்றைக்கு ஏன் பெர்கியஸ்?

எண்ணெய் மலிவாக இருக்கும்வரை அவர் தேவைப்படவில்லை. காற்றில் கார்பன் ஏறுவது கவலையான பிறகு நிலைமை மாறியது. அவர் விட்டுப்போன இரண்டு வழிகளில் ஒன்றை நாம் பயத்தோடு பார்க்கிறோம், இன்னொன்றை நம்பிக்கையோடு பார்க்கிறோம்.

கரியிலிருந்து பெட்ரோல் எடுத்தால், மண்ணுக்குள் புதைந்திருந்த கார்பன் இரட்டிப்பாக வெளியே வரும்: ஆலையில் ஒருமுறை, வண்டியில் ஒருமுறை. மரம், வைக்கோல் அப்படி இல்லை. அவற்றின் கார்பன் போன பருவத்திலோ, சில ஆண்டுகளுக்கு முன்போ காற்றிலிருந்து செடி எடுத்துக்கொண்டது. அது திரும்பக் காற்றுக்கே போகிறது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஆலையை ஓட்ட வெளியிலிருந்து கரி வாங்கி எரித்தால் அந்தப் புண்ணியம் எல்லாம் போச்சு.

அதனால்தான் இன்றைய ஆலைகளும் பெர்கியஸ் கேட்ட அதே இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அமிலத்துக்குப் பதில் என்சைம் வந்துவிட்டது. அது உலோகத்தைத் தின்னாது, பிரித்தெடுத்தே ஆக வேண்டும் என்ற அவசரமும் இல்லை. ஆனால் விலை அதிகம், வேலையும் மெதுவாக நடக்கும். மிஞ்சும் லிக்னினை இன்றைக்கும் கொதிகலனில் எரித்துத்தான் நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். வெளியே போகும் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் சரக்குக்குக் கொடுக்கும் பழக்கமும் மாறவில்லை.

புதிதாக ஓர் உயிரி எரிபொருள் ஆலை வருகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது, எத்தனை கோடி லிட்டர் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அதை ஓட்டும் சூடு எங்கிருந்து வருகிறது என்றும் தேடிப் பாருங்கள். சூடும் சக்கையிலிருந்தே வருகிறது என்றால் அந்த ஆலை நிற்கும். பெர்கியஸ் தன் பணம் மொத்தத்தையும் கொடுத்துப் படித்த பாடம் அது. நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது.